விரலுக்கேத்த வீக்கம்... சைக்கிளுக்கேத்த டிஸ்க்!

ஏற்காட்டுக்கு 20, கல்லட்டிக்கு 36, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70... என்ன கணக்குன்னு முழிக்கிறீங்களா? எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள் பாஸ்! லீவு விட்டா போதும், நாலு பேர் சேர்ந்து கியர் சைக்கிளைத் தூக்கிட்டு மலைக்குக் கிளம்புற கோஷ்டி இப்போ எல்லா காலேஜ்லயும் இருக்கு. ஏறும்போது பிரச்னையே இல்ல. முடியலைன்னா இறங்கித் தள்ளிக்கலாம். ரெண்டு கிண்டல், ஒரு கடலை மிட்டாய், கதை முடிஞ்சுது. ஆனா இறங்கும்போது? அங்கே உங்க உயிரைக் கையில் பிடிச்சுட்டு இருக்கிறது ரெண்டு இரும்புத் தட்டு. அதோட தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது!

அந்தத் தட்டுதான் டிஸ்க் பிரேக்கோட ‘ரோட்டர்’. கடைக்காரர் சாதாரணமா ‘டிஸ்க் பிளேட்’னு சொல்வார். எம்.டி.பி. எனப்படும் மலைப்பாதை சைக்கிள்களுக்கு அது 160, 180, 200, 203, 220 மில்லிமீட்டர்னு விதவிதமான விட்டத்தில் வருது. “மச்சான், என் வண்டி டிஸ்க் பிரேக்”னு காலரைத் தூக்கி விட்டுக்கிறவங்ககிட்ட “எத்தனை மி.மீ.?”னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பத்துல எட்டு பேர் டயர் சைஸைச் சொல்வாங்க! நீங்க அந்த எட்டு பேர்ல ஒருத்தரா இருந்தா, வாங்க... இது உங்களுக்குத்தான்.

தட்டு பெரிசானா என்ன ஆகும்?

சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, முன்சக்கரத்தை நல்லா சுத்தி விடுங்க. இப்போ டயர் மேல உள்ளங்கையை லேசா வெச்சு நிறுத்துங்க. உடனே நிக்கும். மறுபடி சுத்தி விட்டு, இந்தத் தடவை நடுவுல இருக்கிற ஹப்பைப் பிடிச்சு நிறுத்தப் பாருங்க (ஸ்போக்ஸ் பக்கம் விரல் போயிடாம ஜாக்கிரதை!). முக்கி முனகணும். அதே கை, அதே சக்கரம். வித்தியாசம் எங்கே? நடு மையத்துல இருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம்கிறதுல.

பிளஸ் டூ ஃபிசிக்ஸ் புத்தகத்துல படிச்சுட்டு பரீட்சையோட மறந்த ‘திருப்புத்திறன்’ இதுதான். டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்குது. கவ்வுற இடம் மையத்தை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கோ, அவ்வளவு பலமா சக்கரத்தை நிறுத்தும். 160-ல் இருந்து 180-க்கு மாறினா, அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பலம் கிடைக்கும். 203-க்குப் போனா கால் பங்குக்கும் கொஞ்சம் மேலே. லிவரை மாத்தல, கேலிப்பரை மாத்தல... வெறும் தட்டை மாத்தினதுக்கே இவ்வளவு!

இதே கணக்கு திருப்பியும் அடிக்கும். சக்கரம் பெரிசானா டிஸ்க்கோட பலம் குறையும். பழைய 26 இஞ்ச் சைக்கிளைவிட 29 இஞ்ச் சைக்கிளோட சக்கரம் சுமார் பத்து சதவிகிதம் பெரிசு. அதனால 26 இஞ்ச்ல 160 கொடுத்த அதே பிடி 29 இஞ்ச்ல வேணும்னா, கிட்டத்தட்ட 176 மி.மீ. தட்டு வேணும். அப்படியொரு சைஸ் கடையில கிடைக்காது, ஸோ... 180! “சீனியர் 160-தான் ஓட்டினார், அவர் நல்லாத்தானே இருக்கார்?”னு கேட்காதீங்க. அவர் சக்கரம் எத்தனை இஞ்ச்னு முதல்ல கேளுங்க.

நிஜ வில்லன் வேற ஒருத்தர்!

பலம் மட்டும்தான் விஷயம்னா இந்தக் கட்டுரை இங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா நல்ல ஹைட்ராலிக் பிரேக் இருந்தா 160 தட்டே போதும், ஒரு விரல்ல வண்டியை நிறுத்திடலாம். ஒரு தடவை நிறுத்துறது பெரிய விஷயமே இல்ல. முதல் வளைவுல நின்ன மாதிரியே கடைசி வளைவுலயும் நிக்கணும். அங்கேதான் வில்லன் என்ட்ரி. அவர் பேர், சூடு!

ஒரு சின்ன கணக்கு. நீங்க, சைக்கிள், முதுகுல பை எல்லாம் சேர்த்து 90 கிலோன்னு வெச்சுக்கலாம். ஆயிரம் மீட்டர் உயரத்துல இருந்து கீழே வர்றீங்க. மேலே ஏறும்போது உங்க கால் சேர்த்து வெச்ச சக்தி கிட்டத்தட்ட 8.8 லட்சம் ஜூல். இறங்கும்போது அது எங்கேயாவது போயாகணுமே? காத்து கொஞ்சம் வாங்கிக்கும், டயர் கொஞ்சம் வாங்கிக்கும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைச்சு மெதுவா இறங்கினா, மிச்சம் பெரும்பகுதி பிரேக் தலையில்தான் விடியும். அந்த 8.8 லட்சம் ஜூலை வெச்சு சுமார் 3 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். ஒரு டீக்கடை பாய்லர் வேலையை, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதா இருக்கிற ரெண்டு தகடு பார்க்குது!

பெரிய தட்டில் இரும்பு அதிகம், அதனால சீக்கிரம் சூடாகாது. பரப்பளவும் அதிகம், அதனால சீக்கிரம் ஆறிடும். 36 கி.மீ. வேகத்துல வந்து ஒரு தடவை சடனா நிறுத்தினா, 160 மி.மீ. முன் தட்டு சுமார் 50 டிகிரி சூடேறும். அதே இடத்துல 203 மி.மீ. தட்டுன்னா சுமார் 30 டிகிரிதான். ஒரு தடவைக்கே இந்த வித்தியாசம்னா, ஆற நேரமே கொடுக்காம அடுத்தடுத்து வளைவு வந்தா?

சூடு எல்லை மீறினா மூணு விஷயம் நடக்கும். ஒண்ணு, பேட்ல இருக்கிற ரெசின் கருகி, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாயிடும். பிடிக்கும், ஆனா நிக்காது. ரெண்டு, ஹைட்ராலிக் பிரேக்னா உள்ளே இருக்கிற திரவம் கொதிச்சு குமிழி விடும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால லிவர் ‘பொசுக்’குனு ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடும், வண்டி மட்டும் போய்க்கிட்டே இருக்கும். டாட்-4 பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும்கிறது விதி. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிட்டா, அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிடலாம். ரெண்டு வருஷமா ஆயில் மாத்தாத வண்டியோட மலைக்குப் போறவங்க, இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. மூணு, தட்டே நெளிஞ்சு, நீலம் பாரிச்சு நிக்கும். உங்க டிஸ்க்ல நீலமோ ஊதாவோ வரி தெரிஞ்சா அது டிசைன் இல்ல பாஸ், அது அலறி முடிச்ச அடையாளம்!

புகை விட்ட ஹப்!

எம்.டி.பி. பிறந்த கதையிலேயே இந்தச் சூடுதான் ஹீரோ. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபேக்ஸ்னு ஒரு ஊர். பக்கத்துல மலை. அங்கே சுமார் 3 கி.மீ. தூரத்துக்குள்ள ஏறக்குறைய 400 மீட்டர் இறங்குற மண் ரோடு. 1976 அக்டோபர் 21-ம் தேதி அந்த ரோட்டுல முதல் ரேஸ் நடந்தது. நடத்தினவர் சார்லி கெல்லி. பின்னாடி அந்த ரேஸ்கள்ல ஓட்டின கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் எம்.டி.பி. உலகத்தோட தாத்தாக்களாயிட்டாங்க.

அப்போ டிஸ்க்காவது ஒண்ணாவது? தடி டயர் போட்ட பழைய சைக்கிள்கள். பின் ஹப்புக்குள்ள இருக்கிற பிரேக்கை, பெடலைப் பின்னோக்கி மிதிச்சுப் போடணும். கீழே வந்து சேர்றதுக்குள்ள ஹப் கொதிச்சு, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். அடுத்த தடவை இறங்கணும்னா ஹப்பைப் பிரிச்சு, புது கிரீஸ் அடைச்சுப் பூட்டணும். அடைக்கிறதுக்கு ஆங்கிலத்துல ‘பேக்’, மறுபடி அடைக்கிறதுக்கு ‘ரீபேக்’. அந்த ரோட்டுக்கே ‘ரீபேக்’னு பேர் விழுந்துடுச்சு! பிரேக் சூட்டோட பேரை ஒரு மலைப்பாதைக்கே வெச்சுட்டாங்கன்னா, வில்லனோட கெத்தைப் பார்த்துக்குங்க.

அப்போ 203-ஐயே வாங்கிடலாமா?

அதானே கேப்பீங்க! ‘பெரிசே பெஸ்ட்’டுன்னு கண்ணை மூடிட்டு வாங்கினா நாலு சிக்கல்.

முதல் சிக்கல், டயர். வண்டியை நிறுத்துறது கடைசியில் டிஸ்க் இல்ல, டயருக்கும் தரைக்கும் இருக்கிற பிடிப்பு. தேய்ஞ்ச டயரை வெச்சுக்கிட்டு 203 போட்டா சக்கரம் பூட்டிக்கும், நீங்க சறுக்குவீங்க. புது டயர் வாங்க வெச்ச காசுல பெரிய டிஸ்க் வாங்காதீங்க.

ரெண்டாவது, ஃபிரேமும் ஃபோர்க்கும். ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் ‘இதுக்கு மேல தட்டு போடக் கூடாது’ன்னு ஒரு எல்லை உண்டு. 180 வரைதான்னு சொன்ன ஃபோர்க்குல 203 மாட்டினா, பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கேலிப்பர் உட்கார்ந்திருக்கிற இடத்துல ஓவர் லோடு. விரிசல் விழுந்தா அது முன்சக்கரம்... என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. பின்பக்கம் தட்டு ஃபிரேம்லயே உரசும் ஆபத்தும் உண்டு.

மூணாவது, நெளிவு. தட்டு பெரிசாக ஆக, சின்ன இடியிலயே வளையும். சைக்கிளை பஸ் டாப்புலயும் ரயில் லக்கேஜ் வேன்லயும் ஏத்துற நம்ம ஊர் வழக்கத்துக்கு, இறக்கும்போது ‘சிங்... சிங்...’னு உரசல் சத்தம் ஃப்ரீ!

நாலாவது, பழக்கம். 160-க்குப் பழகின விரல் 203-ல அதே அழுத்து அழுத்தினா, புதுசுல பின்சக்கரம் தூக்கிடும். வெறும் காலேஜ் - ஹாஸ்டல் - டீக்கடை ரூட்டுக்கு இதெல்லாம் தேவையா?

சரி, உங்க சைஸ் என்ன?

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். டவுன் பஸ்ல டிரைவர் சடன் பிரேக் போட்டா நின்னுட்டு இருக்கிற அத்தனை பேரும் எந்தப் பக்கம் சாய்வாங்க? முன்பக்கம்! சைக்கிளும் அப்படித்தான். பிரேக் போட்டதும் பாரம் முழுக்க முன்சக்கரத்துக்கு வந்துடும். இறக்கத்துல இன்னும் அதிகம். அதனால பெரிய தட்டு எப்பவும் முன்னாடி. பின்னாடி அதே சைஸ், இல்லைன்னா ஒரு சைஸ் கம்மி. ரெண்டு வாங்கக் காசு இல்லைன்னா முதல்ல முன்பக்கம் மட்டும் மாத்துங்க.

* சமதரை, காலேஜுக்குப் போய் வர, எப்பவாவது ஒரு சின்ன ஏத்த இறக்கம், எடை 65 கிலோவுக்குள்ள: முன்னாடி 160, பின்னாடி 160. ராஜா மாதிரி போதும்.

* மாசம் ஒரு மலை, கரடுமுரடான மண் பாதை, எடை 65 முதல் 85 கிலோ: முன்னாடி 180, பின்னாடி 160. நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இதுதான் சரியான ஜோடி.

* எடை 85-க்கு மேல, இல்லைன்னா கூடாரம், துணிமணின்னு மூட்டை கட்டிட்டு டூர், 29 இஞ்ச் சக்கரம்: ரெண்டு பக்கமும் 180. ஃபோர்க் அனுமதிச்சா முன்னாடி மட்டும் 203.

* டவுன்ஹில் ரேஸ், மோட்டார் வெச்ச இ-எம்.டி.பி. (வண்டியே இருபது கிலோவைத் தாண்டும்): 200 அல்லது 203. இப்போ இந்த வகையில முன்னாடி 220 போடுறவங்களும் உண்டு.

இது கல்வெட்டு இல்ல. எடை கம்மியா இருந்தும் இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடிச்சுட்டே வர்றவர் நீங்கன்னா, ஒரு சைஸ் கூட்டிக்குங்க. தப்பே இல்ல, பயம் எல்லாருக்கும் பொது!

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

தட்டை வாங்கிட்டு வந்து ‘மாட்டவே மாட்டேங்குது’ன்னு முழிக்கிற கேஸ்கள் நிறைய. இதை எல்லாம் குறிச்சுட்டுப் போங்க.

ஹப்பைப் பாருங்க. தட்டை ஆறு ஸ்க்ரூ பிடிச்சிருக்கா, இல்ல நடுவுல ஒரே பெரிய வளையமா? முதலாவது ‘6 போல்ட்’, ரெண்டாவது ‘சென்டர் லாக்’. அது வேற, இது வேற.

அடாப்டர் மறக்காதீங்க. தட்டு பெரிசானா கேலிப்பர் தள்ளி உட்காரணும். அதுக்கு ஒரு சின்ன உலோகத் துண்டுதான் அடாப்டர். 160 ஃபோர்க்கை 180 ஆக்க ‘பிளஸ் 20’ அடாப்டர்னு கேளுங்க. தட்டும் அடாப்டரும் சேர்ந்தாலும், புது பிரேக் செட் வாங்குறதைவிட செலவு கம்மிதான்.

200 வேற, 203 வேற. ‘மூணு மில்லிமீட்டர்தானே தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்ராம் கம்பெனி தட்டு 200, ஷிமானோ தட்டு 203. கேலிப்பர் ஒன்றரை மி.மீ. தள்ளிப் போனா, பேட் பாதி தட்டிலும் பாதி காத்துலயும் தேயும்.

தட்டு மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. விலை கம்மியான சில தட்டுகள்ல ‘ரெசின் பேட் ஒன்லி’ன்னு பொறிச்சிருப்பாங்க. அதுல உலோகத் துகள் கலந்த மெட்டல் பேட் போட்டா, தட்டு சீக்கிரமே காலி. குறைஞ்சபட்சத் தடிமனும் அதிலேயே இருக்கும். ஷிமானோ தட்டு புதுசுல 1.8 மி.மீ., 1.5-க்கு வந்துட்டா குப்பைத் தொட்டிக்குத்தான். சைஸ் பெரிசா இருக்கேன்னு தேய்ஞ்ச செகண்ட் ஹாண்ட் தட்டை வாங்கினா, சூட்டைத் தாங்க வேண்டிய இரும்பே அதுல இருக்காது.

கேபிள் டிஸ்க்கா? அப்போ தட்டை மாத்துறதுக்கு முன்னாடி துருப்பிடிச்ச கேபிளையும் தேய்ஞ்ச பேடையும் மாத்திப் பாருங்க. பாதி பேருக்கு பிரச்னை அங்கேயே தீர்ந்துடும்.

மாட்டியாச்சா? அவசரப்படாதீங்க!

புதுத் தட்டோட நேரா மலைக்குப் போறது, படிக்காம நேரா எக்ஸாம் ஹாலுக்குப் போற மாதிரி. காலி கிரவுண்டுக்குப் போங்க. 20 கி.மீ. வேகம் எடுத்து, நடக்குற வேகத்துக்குக் குறைக்கணும். முழுசா நிறுத்தக் கூடாது. இப்படி இருபது தடவை. அப்புறம் இன்னும் கொஞ்சம் வேகத்துல பத்து தடவை. பேட்ல இருந்து ஒரு மெல்லிய படலம் தட்டு மேல சீரா படியும். அது படிஞ்சாத்தான் நிஜமான பிடி.

செயினுக்கு ஆயில் விடும்போது தட்டுல ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. விரல் ரேகையில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கே வில்லன்தான். பட்டுடுச்சா? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி சுத்தமான துணியால துடைங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போக சக்கரத்தைக் கழட்டினா, பேட் ரெண்டுக்கும் நடுவுல ஒரு அட்டையைச் சொருகி வைங்க. லிவரைத் தெரியாம அழுத்திட்டா பேட் ரெண்டும் ஒட்டிக்கிட்டு அடம்பிடிக்கும். டாட் ஆயில் கேக்குற பிரேக்குல மினரல் ஆயிலோ, மினரல் கேக்குறதுல டாட்டோ ஊத்தவே ஊத்தாதீங்க. உள்ளே இருக்கிற சீல் கெட்டுடும். இறக்கம் முடிஞ்சதும் ‘எவ்வளவு சூடு பார்க்கலாம்’னு தட்டைத் தொடவும் வேண்டாம். தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பீங்களா?

இறங்குறதும் ஒரு கலை

எவ்வளவு பெரிய தட்டு போட்டாலும், வழி முழுக்க லிவரை லேசா பிடிச்சுக்கிட்டே இறங்கினா அது கொதிக்கத்தான் செய்யும். ஆற நேரமே இல்லையே! வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுலயே அழுத்தமா பிடிச்சு வேகத்தைக் குறைங்க. வளைவுல லிவரை விடுங்க. காத்து தட்டைத் தழுவி ஆத்தும். அடுத்த வளைவுக்கு முன்னாடி மறுபடி. உடம்பைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சு, ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க. நம்ம ஊர் சைக்கிள்ல பெரும்பாலும் வலது லிவர்தான் முன் பிரேக். வெளிநாட்டு வண்டின்னா மாறியிருக்கலாம். அடுத்தவன் வண்டியை வாங்கி ஓட்டுறதுக்கு முன்னாடி தள்ளிப் பார்த்து உறுதி பண்ணிக்குங்க.

லிவர் வழக்கத்தைவிட உள்ளே போகுதா? கருகின வாடை வருதா? ‘பசங்க முன்னாடி போயிட்டாங்களே’ன்னு பார்க்காதீங்க. ஓரங்கட்டுங்க. பத்து நிமிஷம் மலையை வேடிக்கை பாருங்க, போட்டோ எடுங்க, குரங்குக்கிட்ட இருந்து பிஸ்கட்டைக் காப்பாத்துங்க. தட்டு அதுக்குள்ள ஆறிடும்.

இந்த வாரம் ஹாஸ்டல் ஷெட்டுக்குப் போய், ஒரு ஸ்கேலை எடுத்து உங்க டிஸ்க்கை ஒரு தடவை அளந்து பாருங்க. மூணு நம்பர் கையில இருக்கணும்: உங்க எடை, தட்டோட அளவு, ஃபோர்க் தாங்குற எல்லை. மூணும் ஒத்துப் போச்சா? தைரியமா மலைக்குக் கிளம்புங்க. ஒத்துப் போகலையா? மலை எங்கேயும் ஓடிடாது. டிஸ்க்கை மாத்திட்டு அடுத்த லீவுக்குப் போங்க!